மேஸ்திரி இல்லாத எலுமிச்சை

மாம்பழ மண்டியில் கத்தி இருக்கும். கீறி ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, 'நாரா இருக்கே' என்று பொய் சொல்லி விலையைக் குறைப்பார்கள். தர்ப்பூசணிக்குக்கூட ஒரு முக்கோணம் வெட்டிக் காட்டுகிற வழக்கம் உண்டு. எலுமிச்சைச் சந்தையில் மட்டும் யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. தென்காசிச் சீமையில், மலையடிவாரத்து நல்லமங்கலத்தில், சந்தை கூடத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். தோலைப் பார்ப்பார்கள். உள்ளங்கையில் உருட்டிக் கனம் பார்ப்பார்கள். நகத்தால் கீறி மோந்து பார்ப்பார்கள். கடிக்க மாட்டார்கள். எலுமிச்சை புளிக்குமா என்று சோதிக்கிறவனைச் சந்தை பைத்தியம் என்று சொல்லும். பைத்தியத்துக்கு எவனும் கடனுக்குச் சரக்குப் போட மாட்டான்.

மருதப்பன் அந்தச் சந்தையில் கமிஷன் மண்டிக்காரர். ஐம்பது தாண்டிய ஆள். அழுகல் பொறுக்குகிற வேலையை இன்னமும் தன் கையாலேயே செய்வார். பச்சைப் பூஞ்சை பூத்த பழத்தை இரண்டு விரலால் எடுத்து, செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கி வெளியே எறிவார். அவருக்கு மூக்கு கூர்மை. மனுஷர்களிடமும் அந்த மூக்கைத்தான் பயன்படுத்துவார். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் வாசனை பிடித்துவிட்டுத்தான் பேச்சு.

மதுரசம் என்ற கம்பெனியிலிருந்து அனகா என்ற பெண் விஞ்ஞானி வந்து உட்கார்ந்தபோது அவருக்கு ஆஸ்பத்திரி சோப்பின் வாடைதான் அடித்தது.

"சர்க்கரைக்கு வரி மேல வரி போட்டுட்டாங்க சார். ஜூஸ் கம்பெனிக்காரங்களுக்குச் சர்க்கரையே போடாம இனிக்கிற எலுமிச்சை வேணும். அதே தோல், அதே வாசனை. புளிப்பு மட்டும் இருக்கக் கூடாது" என்றாள்.

"அதுக்குச் சாத்துக்குடி இருக்கேம்மா."

"எலுமிச்சை வாசனை சாத்துக்குடிக்கு வராதே. வாசனை தோல்ல இருக்கற எண்ணெய். புளிப்பு சாறுல இருக்கற விஷயம். ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது." அவள் ஒரு பழத்தை நறுக்கி, முத்துச் சாறு தெரியும்படி பிதுக்கிக் காட்டினாள். "இந்த ஒவ்வொரு முத்துக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத பைகள் இருக்கு. அந்தப் பைக்குள்ள அமிலத்தை அழுத்தி அழுத்தி ஏத்த ஒரு பம்ப் இருக்கு. பம்ப் தானா ஓடாது. 'ஓட்டு'ன்னு சொல்ல ஒரு ஜீன் வேணும். மேஸ்திரின்னு வச்சுக்குங்களேன். நாங்க பூக்கறதுக்கு முன்னாடி ட்ரோன்ல ஒரு மருந்து தெளிக்கிறோம். மேஸ்திரி வாயை மூடிக்குவார். பம்ப் நின்னுரும்."

"கூலி கேட்டு வரமாட்டானா?"

அவள் சிரித்தாள். "மரத்துல ஒரு அடையாளம் மட்டும் மாறும். எலுமிச்சைக் கொழுந்து லேசா ஊதாவா இருக்கும் பாத்திருக்கீங்களா? பூ மொட்டுலயும் அந்தச் சாயல் இருக்கும். அந்த நிறத்தைப் பூசச் சொல்றதும் அதே மேஸ்திரிதான். அவர் போயிட்டார்னா கொழுந்து வெறும் பச்சை, பூ வெறும் வெள்ளை. பழத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது."

மருதப்பன் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார். வியாபாரி காதுக்கு ஒரு சல்லடை உண்டு. விஞ்ஞானமெல்லாம் கீழே விழுந்துவிடும், வேண்டியது மட்டும் மேலே நிற்கும்.

அடுத்த பருவத்தில் மலையடிவாரத் தோட்டங்களில் பாதி கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. ட்ரோன்கள் வந்து தெளித்துவிட்டுப் போயின. பழம் காய்த்தது, இனித்தது. கம்பெனி வாங்கவும் செய்தது, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பது போல வாங்கியது. தோலில் ஒரு புள்ளி இருந்தால் வேண்டாம், காம்பு ஒடிந்திருந்தால் வேண்டாம், கொஞ்சம் சப்பையாக இருந்தால் வேண்டாம். கழித்த பழத்தைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நல்லமங்கலத்தில் பிணத்தைத் தவிர எதையும் சும்மா புதைக்கிற வழக்கம் கிடையாது. கழிந்த சரக்கு மூட்டையாகி மண்டிக்கு வந்தது.

மருதப்பன் அதை வாங்கினார். நல்ல சரக்கில் மூட்டைக்குக் கொஞ்சமாகக் கலந்தார். மனசாட்சி ஒன்றும் முனகவில்லை. பாலில் தண்ணீர் கலப்பது பாவம், மிளகில் பப்பாளி விதை கலப்பது பாவம். புளிப்பில் இனிப்பைக் கலப்பது பாவமா? எந்தச் சாஸ்திரத்திலும் இல்லையே!

ஊரும் அதைச் சத்தமில்லாமல் சீரணித்துக்கொண்டது. ஜூஸ் கடைக்காரன் 'பழம் சப்புன்னு இருக்கு' என்று ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பைக் கூடப் போட்டுக் கலக்கினான். வீட்டில் பெண்கள் சாதத்துக்கு இன்னும் இரண்டு பழம் பிழிந்தார்கள். மழை அதிகம், அதனால் பழம் தண்ணீராக இருக்கிறது என்று அவர்களே ஒரு காரணமும் கண்டுபிடித்தார்கள். ஏமாறுகிறவர்கள் காரணத்தையும் தாங்களே கொண்டுவந்துவிட்டால் ஏமாற்றுகிறவனுக்கு வேலை பாதி மிச்சம்.

அப்படியும் கழிவுச் சரக்கு குவிந்துகொண்டே வந்தது. ஒரு வாரம் மண்டியில் இடமில்லை. அழுகத் தொடங்கினால் அந்த நாற்றத்தை மருதப்பனால் தாங்க முடியாது. அப்போதுதான் அவருக்கு வெயிலாச்சி ஞாபகம் வந்தது.

வெயிலாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஊறுகாய் ஷெட் வைத்திருந்தாள். அவள் புருஷன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே. பத்துப் பெண்கள் அவளிடம் வேலை பார்த்தார்கள். நூல் மில்களின் லேடீஸ் ஹாஸ்டல்களுக்கெல்லாம் அவள் ஊறுகாய்தான். சந்தையிலேயே பேரம் பேசாத ஒரே வாடிக்கை அவள். "நீங்க பாத்து அனுப்புங்க அண்ணாச்சி" என்பாள், அவ்வளவுதான். சந்தைக்காரர்கள் இப்படிப்பட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையாலேயே தள்ளுபடிச் சரக்கையும் அவர்கள் தலையில் கட்டுவார்கள். பேரம் பேசுகிறவன் திருப்பி அனுப்புவான், தெருவில் நின்று கத்துவான். நம்புகிறவள் என்ன செய்துவிடுவாள்?

ஒரு வேன் நிறைய, கலப்பில்லாமல், முழுக்க இனிப்புப் பழமாகவே அனுப்பிவைத்தார் மருதப்பன்.

அங்கேயும் யாரும் வாயில் வைக்கவில்லை. ஊறுகாய் ஊறி முடிகிறவரை அதை ருசி பார்க்கக் கூடாது, எச்சில் பட்டால் ஜாடியே கெட்டுவிடும் என்பது வெயிலாச்சியின் மாமியார் காலத்துச் சட்டம். வீட்டுக்கு விலக்கான பெண்கள் ஷெட் பக்கமே வரக் கூடாது என்பது அதற்கும் மூத்த சட்டம். இரண்டையும் அவள் சாமி காரியம் போலக் காத்து வந்தாள். அந்த முறை மில்லில் ஒரு உணவு ஆலோசகர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். உப்புக் குறைந்தால் பழம் சீக்கிரம் ஊறாது என்று ஆவியில் வேகவைத்து, மசாலா போட்டு, மேலே நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, ஹாஸ்டலுக்கு அனுப்பினாள்.

*

முதலில் ஒரு பெண்ணுக்கு இமை தொங்கியது. தூக்கக் கலக்கம் என்று சூப்பர்வைசர் திட்டினான். அவளுக்கு ஒரு நூல் இரண்டு நூலாகத் தெரிந்தது. பிறகு நாலைந்து பேர். குரல் மூக்கால் வந்தது, தண்ணீர் விழுங்க முடியவில்லை, வாய் மரத்தூள் போல வறண்டது. காய்ச்சல் இல்லை, புத்தி தெளிவாக இருந்தது. கழுத்து நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு பேருக்கு மூச்சு மெஷின் வைக்க வேண்டியிருந்தது.

ஹாஸ்டலில் எல்லாரும் சாப்பிட்டது தயிர்சாதமும் ஊறுகாயும். மதியத்துக்குள் செய்தி சந்தைக்கு வந்துவிட்டது. மாலைக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது.

தீர்ப்புச் சொன்னவர் வியாபாரிகள் சங்கத் தலைவர் பூதத்தான். வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிய, அதைப் புறங்கையால் துடைத்து, அதே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் விளக்கினார்.

"நான் கேக்கேன், எலுமிச்சை ஊறுகாய் தின்னு செத்தவன் எவனாவது உண்டாவே? கிடையாது. அப்ப பழத்துல குத்தமில்ல. உப்புல குத்தமில்ல. தொட்ட கையிலதான் குத்தம். பத்துப் பொம்பளைக வேலை பாக்கிற இடம். எவளோ ஒருத்தி தூரமா இருக்கும்போது ஜாடிக்குள்ள கையை விட்டிருக்கா. வேற என்ன?"

"அதான, அதான்" என்றது சந்தை. வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் எலுமிச்சை விற்கிறவர்கள். பழத்தில் குற்றமில்லை என்ற வார்த்தை ஒவ்வொருவர் வயிற்றிலும் மோர் வார்த்தது.

மருதப்பனும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு நேரே தன் கோடவுனுக்குப் போனார். அந்த வேன் லோடில் மிஞ்சிய அரை மூட்டை மூலையில் கிடந்தது. ஒன்றை எடுத்துத் தோலோடு கடித்தார். தோல் கசந்தது, சுள்ளென்று வாசனை மூக்கில் ஏறியது. கண் தானாகச் சுருங்கியது. நாக்கு புளிப்புக்குத் தயாராகி எச்சிலைச் சுரந்து காத்திருந்தது. புளிப்பு வரவில்லை. வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் மாதிரி, பல் போன யாரோ மென்று துப்பியதை வாயில் வாங்கிக்கொண்டது மாதிரி, சாறு தொண்டைக்குள் இறங்கியது. மருதப்பன் மூட்டை மேலேயே வாந்தி எடுத்தார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாரா என்றால், இல்லை. குளித்தார். வேறு சட்டை போட்டார். 'நாம சொல்லி என்ன ஆகப்போகுது, டாக்டருக்குத் தெரியாததா' என்று தன்னிடமே ஒரு பேரம் பேசிப் படிய வைத்தார். மறுநாள் வெயிலாச்சியின் ஷெட்டை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ அவளுடைய ஜாடி ஒன்றையே எடுத்துக் கதவில் அடித்தான். எண்ணெயும் மசாலாவும் சதையும் கதவில் வழிந்தன. தூரத்தில் நின்ற மருதப்பனுக்கு அந்த வாடை வந்தது. ஊறுகாய் வாடை இல்லை. சாக்கடையில் ஊறிய துணியின் வாடை.

அன்று மதியம் செவ்வந்தி என்ற பெண் செத்துப்போனாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண், மில்லுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கடைசிவரை எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது, கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை என்று நர்ஸ் சொன்னதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மருதப்பன் கிளம்பினார். பையில் நாலு பழத்தைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

*

டாக்டர் ஜோஸ்லின் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தாள். தூங்கியவள் போலத் தெரியவில்லை.

"ஊறுகாயை நான் முதல்லயே ஒதுக்கிட்டேன் ஐயா" என்றாள். "அறிகுறியைப் பாத்தா ஒரு கிருமியோட விஷம் மாதிரிதான் இருக்கு. காத்து இல்லாத இடத்துல, எண்ணெய்க்கு அடியில வளர்ற கிருமி. ஆனா அது புளிப்புல வளராது. எலுமிச்சை ஊறுகாய்ல அது வர வாய்ப்பே இல்லைன்னு எல்லாப் புத்தகமும் சொல்லுது. அதனால நரம்பு வியாதி ஏதாவதான்னு தேடிக்கிட்டு இருக்கேன்."

"புத்தகம் எழுதினவரு என் மண்டியில சரக்கு வாங்கினதில்லம்மா" என்றார் மருதப்பன்.

பழத்தை நீட்டினார். அவள் புரியாமல் பார்த்தாள். கத்தி இல்லை. அவரே கடித்துப் பிய்த்து, கடிபடாத பாதியைக் கொடுத்தார். எச்சில் என்று அவள் தயங்கவில்லை. நாக்கில் வைத்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இது எலுமிச்சையா?"

"எலுமிச்சைதான். புளிப்பை வெளிய அனுப்பிட்டாங்க. பழத்தை நான் ஊறுகாய்க்குள்ள அனுப்பிட்டேன்."

"இதை வேக வெச்சாங்களா?"

"ஆவியில. உப்பும் குறைச்சல். மேல எண்ணெய்."

"கடவுளே" என்றாள். "அந்தக் கிருமிக்கு மெத்தை விரிச்ச மாதிரி. வேக வெச்சா மத்த கிருமியெல்லாம் செத்துரும், இதோட விதை மட்டும் சாகாது. தடுக்கறதுக்கு இருந்த ஒரே காவல்காரன் புளிப்புதான்." போனை எடுத்துக்கொண்டே நடந்தாள். "மாத்து மருந்து பம்பாய்ல இருந்து விமானத்துல வரணும். சந்தேகம்னு காரணம் எழுதினாத்தான் தருவாங்க. நீங்க நேத்தே வந்திருந்தா..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடித்திருந்தால் தேவலை என்று மருதப்பனுக்குத் தோன்றியது.

மருந்து வந்தது. மற்ற பெண்கள் பிழைத்தார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் கை கால் தூக்க முடியாது என்றாலும் மூச்சு திரும்பியது. மற்ற ஹாஸ்டல்களுக்குப் போன ஜாடிகளைத் தேடித் தேடி அழித்தார்கள். மருதப்பன் நடந்ததையெல்லாம் போலீஸிடம் எழுதிக் கொடுத்தார். வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு, கூப்பிடும்போது வரச் சொன்னார்கள். பிறகு சங்கக் கூட்டத்துக்குப் போய் நடுவில் நின்றார். பையைக் கவிழ்த்தார். பழங்கள் ஜமக்காளத்தில் உருண்டன.

"தீட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குத்தம் பழத்துல. அனுப்பினது நான். வெயிலாச்சிக்கு ஒண்ணும் தெரியாது. நம்பாதவங்க எடுத்துக் கடிச்சுப் பாருங்கவே."

ஒருவரும் எடுக்கவில்லை. உருண்டு வந்த பழம் கால் விரலில் பட்டவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். பூதத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். குரலில் கோபமே இல்லை, கல்யாண வீட்டுக் கனிவு இருந்தது.

"உக்காரும் மருதப்பன். பதறாதேயும். உம்ம எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். ஒரு முடி நட்டத்தைக்கூட அடுத்தவன் தலையில வச்சுட்டுத்தான வீட்டுக்குப் போவீரு? அப்பேர்ப்பட்ட ஆளு, கேட்பாரில்லாத ஒரு குத்தத்தைத் தேடிப் போயித் தன் தலையில தூக்கி வைக்கீரு. லாபம் இல்லாம வியாபாரி வாயைத் திறப்பானாவே?" சுற்றிலும் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். "அவ புருஷன் வடக்க போயிட்டா மாசம் பாதி வரமாட்டான், இல்ல?"

சந்தை சிரித்தது. முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் தொடையைத் தட்டி. கணக்கு நேராகிவிட்டது. மருதப்பன் ஏன் உளறுகிறார் என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. அது எல்லாருக்கும் புரிகிற காரணம். ஜீன் புரியாது, பம்ப் புரியாது. ஒரு வியாபாரி உண்மை பேசுவது அதைவிடப் புரியாது. ஆண் பெண் சமாசாரம் எந்த மடையனுக்கும் புரியும்.

"அடச்சீ!" என்றார் மருதப்பன். அதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அவருடைய மண்டியில் கூட்டம் அதிகமானது. "கைகாரரு வே நீரு" என்று தோளில் தட்டினார்கள். பேசாதவர்களெல்லாம் வந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். மதுரசம் கம்பெனியின் வக்கீல் வந்து, தங்கள் பழம் எதுவும் பொதுச் சந்தைக்கு வருவதில்லை என்று ஒரு அறிக்கையைக் கொடுத்துவிட்டு, போகும்போது காதருகே குனிந்து, "ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு, லேடீஸ் விஷயத்துல" என்றார். வாயில் ஏலக்காய் வாடை. மருதப்பனுக்கு அன்றிலிருந்து ஏலக்காய் ஆகவில்லை.

வீட்டில் மனைவி கோமதி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அழுத கண் இல்லை.

"உண்மையைச் சொல்லிருங்க. எத்தனை வருஷமா?"

"ஏட்டி, நான் விஷப் பழத்தை அனுப்பினேன். ஒரு பொண்ணு செத்துப்போச்சு. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கமாட்டியா?"

"அதைத்தான் ஊரு பூரா சொல்லிட்டீங்களே. சொல்லாததைச் சொல்லுங்க."

தட்டில் இருந்ததை அப்படியே மூடிவைத்துவிட்டு அவர் எழுந்துபோனார்.

*

வெயிலாச்சி ஒரு காலைப்பொழுதில், சந்தை கூடுவதற்கு முன் மண்டிக்கு வந்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"உங்களை யாரு அண்ணாச்சி சொல்லச் சொன்னா?"

"உண்மை அதானம்மா. உன் மேல பழி விழுந்துச்சே."

"விழுந்துச்சு. தீட்டுன்னு சொன்னாங்க. சொன்னா என்ன? பொம்பளைக்குத் தீட்டு மூணு நாள்ல போயிரும். மஞ்சத் தண்ணி தெளிச்சு, ஒரு கிடா வெட்டி, ஷெட்டைத் திறந்திருப்பேன். பிள்ளைக திரும்ப வேலைக்கு வந்திருக்கும். இப்ப நீங்க ஒண்ணைப் பூசிட்டீங்களே, இது எந்தத் தண்ணியில போகும்? எம் புருஷன் லாரியை விட்டு இறங்காமலே திரும்பிப் போயிட்டாரு. பத்துப் பேரையும் அவுகவுக வீட்டுல அடைச்சு வச்சுட்டாங்க. 'அப்படிப்பட்டவகிட்டயா வேலைக்குப் போற'ன்னு. ஒருத்திக்குப் பால் குடிக்கிற பிள்ளை, ஒருத்திக்குக் கண்ணு தெரியாத மாமனாரு. அவுக சோத்துக்கு என்ன செய்வாக?"

"நான் மைக்கு வச்சுச் சொல்லுதேன். உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு..."

"ஐயோ, வாயைத் திறந்துராதீங்க!" அவள் இரண்டு கைகளையும் கூப்பினாள். அது கும்பிடு போல இல்லை, நாயை விரட்டுவது போல இருந்தது. "நீங்க எதைச் சொன்னாலும் இங்க வேற விலைக்குத்தான் போகுது."

பிறகு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"நேத்துத் தலைவரைப் போய்ப் பாத்தேன். தீட்டுதான்னு ஒத்துக்கிட்டேன். எவளோ இல்ல, நானே தூரமா இருந்துக்கிட்டு ஜாடியைத் தொட்டேன்னு சொல்லிட்டேன். முதல்ல, சும்மா பரிகாரம் பண்ணிக்கோன்னாரு. பத்தாது, சங்கமே முன்ன நின்னு பண்ணணும்னேன். சீலை உடைக்க ஆபீசர்கிட்ட அவரே வரணும்னேன். என் பேரையும் உங்க பேரையும் சேத்துச் சந்தையில எவனும் பேசக் கூடாது, பத்து வீட்டுக்கும் அவரே போய்ச் சொல்லி அனுப்பி வைக்கணும்னேன். முடியாதுன்னாரு. எந்திரிச்சுட்டேன். வாசல் தாண்டறதுக்குள்ள கூப்பிட்டாரு."

மருதப்பன் அவளையே பார்த்தார். வாழ்நாளில் ஒரு பழத்துக்குப் பேரம் பேசாதவள். முதல் பேரத்திலேயே சந்தைத் தலைவரை வாசலிலிருந்து திருப்பிக் கூப்பிட வைத்திருக்கிறாள். விற்ற சரக்கு, பழத்தில் குற்றமில்லை என்ற பொய்.

"செத்த பொண்ணு?" என்றார்.

அவள் முகம் ஒரு கணம் உடைந்து பிறகு சேர்ந்துகொண்டது. "அவ அம்மா காலுல போய் விழுந்தேன். அவகிட்ட மட்டும் பழம்னு சொன்னேன். நம்பினா. வேற யாருக்கும் சொல்லாதீங்கன்னு கேட்டேன். பதில் பேசல. எங்கிட்ட வேலை பாத்த பத்துப் பேருக்குச் சோறு போடணும் அண்ணாச்சி. நீங்க இனிமே வாயைத் திறக்கக் கூடாது. அதுவும் பேரத்துல ஒண்ணு."

வெள்ளிக்கிழமை காலையில் பரிகாரம் நடந்தது. சங்கத்து ஆட்கள் எல்லாரும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்கள். மருதப்பனும் நின்றார். வராவிட்டால் அதற்கும் ஒரு கதை முளைக்கும். உடுக்கை அடித்தவன் ஒரு சுற்று ஆடினான். வெயிலாச்சி ஈரச் சேலையோடு, தலையைக் குனிந்து, தான் செய்யாத குற்றத்தை மூன்று முறை உரக்கச் சொன்னாள். கூட்டத்துக்கு வெளியே பத்துப் பெண்களும் டிபன் பாத்திரத்தோடு நின்றார்கள். 'த்சொ, த்சொ' என்று சந்தை உச்சுக்கொட்டியது. மன்னிக்கும்போது மனுஷ முகம் எவ்வளவு அசிங்கமாகப் பளபளக்கிறது என்று மருதப்பன் அன்றுதான் கவனித்தார்.

தீட்டுக் கழிப்புக்கு எலுமிச்சைகள் வந்தன. "என் மண்டிச் சரக்கு, முதல் தரம்" என்று பூதத்தானே கூடையைத் தூக்கிக் கொடுத்தார். ஷெட்டின் நாலு மூலையிலும், வாசலிலும் பழத்தைப் பிளந்து, குங்குமம் தடவி, மிதித்துப் பிதுக்கினார்கள். சீல் உடைந்தது. கதவு திறந்தது. எல்லாருக்கும் பானகம் கொடுத்தார்கள்.

பானகம் குடித்து முடிவதற்குள் எறும்புகள் வந்துவிட்டன.

சுவர் இடுக்கிலிருந்து ஒரு சாரை, படிக்கட்டுக்கு அடியிலிருந்து இன்னொன்று. பிளந்து கிடந்த எலுமிச்சைகள் மேல், குங்குமமே கருத்துப்போகும்படி மொய்த்தன. எலுமிச்சையில் எறும்பு மொய்த்து நல்லமங்கலத்தில் யாரும் பார்த்ததில்லை. பானக டம்ளர்கள் ஒவ்வொன்றாக வாயைவிட்டு இறங்கின. பூதத்தான் எறும்புகளைப் பார்த்தார். பிறகு கூடையில் மிச்சமிருந்த தன் முதல் தரத்தைப் பார்த்தார். பிறகு மருதப்பனைப் பார்த்தார். மருதப்பன் மற்ற முகங்களைப் பார்த்தார். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர்களின் களைதான் எல்லா முகத்திலும் இருந்தது. தான் ஒருவன் மட்டுமே கலப்பதாக இருபது பேரும் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நல்ல சகுனம்" என்று யாரோ தொண்டையைக் கனைத்துச் சொன்னார். "எறும்பு வந்தா லட்சுமி வாரான்னு அர்த்தம்."

"அதான, அதான்" என்றது சந்தை.

மருதப்பனுக்கு வாய் திறந்தது. வெயிலாச்சி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

அவள் பூதத்தானின் கூடையைக் காலால் மெதுவாக ஓரம் தள்ளினாள். பத்துப் பெண்களையும் பார்த்து, "வாங்கடி, வேலை கிடக்கு" என்றாள். அவர்கள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எறும்புச் சாரையை மிதிக்காமல் ஒவ்வொருத்தியாகத் தாண்டி உள்ளே போனார்கள்.